ஓம் சொன்ன தலைக்கு ஒரு கொடி

கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை உங்கள் நாலு பேருக்கும் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மெத்தச் சந்தோஷம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். முதல் வருடம் நான் அப்படி ஏறி, பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால் இறங்கியபோது ஒரு வயதான மனிதர் என் தோளைத் தட்டி, "எந்தச் சிறையிலை இருந்தனீர்? எங்கடை மச்சானும் உள்ளைதான்" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். சட்டையைப் பையில் வைத்துக் கொண்டுபோய் மைதானத்தில் மாற்றுங்கள்.

அமெரிக்க ஃபுட்பால் நடுவருக்கு வேண்டிய விதிகளையெல்லாம் வகுப்பில் உங்களுக்குக் கரைத்துப் புகட்டியிருப்பார்கள். புத்தகத்தில் இல்லாததை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பதினேழு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடி, முழங்கால்கள் இரண்டும் ஒருநாள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் வீட்டில் இருக்கிறவன் நான். நேரம் தாராளமாக இருக்கிறது. இத்தாலிய மொழியில் எழுதினால் என் பிழைகளுக்குக் கொடி போடவே தனியாக ஒரு நடுவர் வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். உங்களில் அந்த மொரிசியஸ் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் மற்ற மூவரும் வாசித்துக் காட்டுங்கள். இன்னொன்று, இதில் வரும் சிசிலிக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள். என் நினைவில் அவர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள், நான் என்ன செய்ய?

நான் இந்த வேலைக்குள் வந்ததே ஒரு பிழையால்தான். ஸ்டேஷன் பக்கத்துக் கோப்பிக்கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'ஃபுட்பால் நடுவர்கள் தேவை.' எனக்கு நெஞ்சு துள்ளியது. ஊரில் பள்ளிக்கூட அணிக்கு இடது பக்கத்தில் ஓடியவன் நான். இங்கே லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோரா, அதாவது எசமானியம்மா, வீட்டில் சமையலும் துப்புரவும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழமையில் ஒருநாள் மைதானத்தில் நிற்கலாம் என்றால் விடுவேனா? நாங்கள் விளையாடுகிற காற்பந்துக்கு இந்த நாட்டில் கால்ச்சோ என்று பெயர், ஃபுட்பால் என்று எழுதியிருந்தால் அது அமெரிக்கர்களுடைய ஆட்டம் என்பது பலெர்மோவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஏழு வருடம் இங்கே இருந்த எனக்குத் தெரியவில்லை. இத்தாலியனுக்கு இந்தப் பிழை வரவே வராது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்த எங்களுக்குத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக்காற்சட்டை, நீண்ட காலுறை, கழுத்தில் விசில், சட்டைப்பையில் மஞ்சள் அட்டை ஒன்று சிவப்பு அட்டை ஒன்று என்று போய் இறங்கினேன். சியாகுல்லி தோடம்பழத் தோட்டங்களுக்கு இந்தப் பக்கம் உள்ள, நீங்கள் அறிந்த அதே மைதானம்தான். அங்கே தலைக்கவசமும் தோளில் பலகை வைத்தது போன்ற சட்டையும் போட்டுக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பந்து பலாக்கொட்டை வடிவத்தில் இருந்தது. சண்டையை நிறுத்தத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஓடிப்போய்ச் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

நடுவர்களில் தலைவருக்கு மட்டும் வெள்ளைத்தொப்பி. மற்ற எல்லோருக்கும் கறுப்பு. அந்த வெள்ளைத்தொப்பி மனிதர் என் அட்டையைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார், பிறகு புல்லில் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார். தொழிலால் அவர் பாண் போடுகிறவர். கட்டையாக, வயிறும் தானுமாக, விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் மாவோடு இருப்பார். "அட்டையை உள்ளை வையும். கோப்பி குடிச்சனீரே?" என்று கேட்டார். குடிக்கவில்லை என்றேன். "எங்களுக்கு இண்டைக்கு ஒரு ஆள் குறையுது. உமக்கு ரெண்டு கண் இருக்கு. இப்போதைக்கு அது காணும். கோட்டிலை நில்லும்."

நின்றேன். பதினேழு வருடம் நின்றேன். ஆட்டமே தெரியாமல் வந்த என்னை அவர் வீட்டுக்கு அனுப்பாதது ஏன் என்று பல வருடம் கழித்துக் கேட்டபோது, சிவப்பு அட்டையோடு ஐம்பது பேருக்கு நடுவில் தனியாக ஓடிவந்தவனை விட மனம் வரவில்லை என்றார்.

கொடி பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தில் குற்றம் கண்டால் மஞ்சள் துணி ஒன்றை எறிய வேண்டும், அது காற்றில் அலையாமல் விழுவதற்கு மூலையில் பாரம் வைத்துக் கட்ட வேண்டும். வெள்ளைத்தொப்பி என்னிடம் "உள்ளை கொஞ்சம் மணல் வையும்" என்றார். சின்யோராவின் தூசு தட்டும் மஞ்சள் துணி கைக்கு வந்தது. மணலுக்கு எங்கே போவது? சமையல் அலுமாரியைத் திறந்தேன், எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய பயறு இருந்தது. ஒரு பிடி அள்ளி மூலையில் முடிச்சுப் போட்டேன். பாரம் அளவாக இருந்தது, எறிந்தால் கோடு போட்ட மாதிரிப் போய் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு கொட்டும் மழையில் ஆட்டம். நனைந்த துணியை அப்படியே பையில் திணித்துவிட்டு மறந்துபோனேன். அடுத்த ஞாயிறு முதல் குற்றத்துக்கு எடுத்து எறிந்தேன். பொதுபொதுத்துப்போன மூலை கிழிந்து, ஒரு அங்குல நீளத்துக்கு முளைவிட்ட பயறு மைதானத்தின் நடுவில் பரவியது. குற்றம் செய்த தடியன் குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, உப்புப் போதாது என்றான். அன்றைக்கு அவனுக்குத் தண்டனை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சொல்லித் தந்தவர் மணல் என்று சொன்னால் மணலையே வையுங்கள்.

இப்போது ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தான். பலெர்மோவில் வாய்ச்சண்டை அதிகம் மூட்டுகிற குற்றமும் அதுதான். சட்டம் சின்னது. பந்து நகரும்வரை தாக்குகிற அணியின் முன்வரிசைக்காரர் கல்லாகக் குந்தியிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டது என்று எதிரியை ஏமாற்றுகிற மாதிரி ஒரு தோள் துடித்தாலும், ஒரு தலை வெட்டி அசைந்தாலும் கொடி. ஐந்து கெஜம் பின்னால் போக வேண்டும். இவ்வளவுதான். ஆனால் மனிதன் கல் இல்லையே. மூச்சு விடுகிறான், தும்முகிறான், இலையான் மூக்கில் உட்காருகிறது. எதை அசைவு என்று எடுப்பது, எதை விடுவது என்பது கோட்டில் நிற்கிற உங்கள் கண்ணைப் பொறுத்தது. ஒருவனுக்குப் போட்டுவிட்டு மற்றவனுக்கு விட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

நான் தொலைந்த கதை இது.

பச்சை அணியின் முன்வரிசையில் கஜன் என்று ஒரு பையன் சேர்ந்தான். எங்கள் பிள்ளை. இருபத்தாறு வயது, பலெர்மோவிலேயே பிறந்தவன், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கதவடைத்து நிற்கிற உடம்பு, பால் மாதிரி மனம். முதல் ஆட்டத்தில் என்னைக் கண்டதும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "வணக்கம் மாமா! Tutto a posto? எல்லாம் சுகமோ?" என்றான். இத்தாலியனின் காதில் மாமா என்பது எப்படி விழும் தெரியும்தானே? மம்மா. அம்மா! நூற்றுத் தொண்ணூறு இறாத்தல் மீசைக்கார நடுவர் ஒருவரை ஒரு மலை போன்ற பையன் அம்மா என்று கூப்பிடுகிறான். பார்வையாளர் வரிசை ஒரு கணம் திகைத்தது, பிறகு வெடித்தது. அன்றிலிருந்து பலெர்மோவில் எனக்கு மம்மா என்றே பெயர். "மம்மா, கண்ணாடி போடு!" "மம்மா, பசிக்குது!" எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் பச்சைக்கு எப்போதும் போட்டியான சிவப்பு அணியின் ரசிகர்கள் மூன்றாவது ஆட்டத்துக்குள் வேறு மாதிரிக் கத்தத் தொடங்கினார்கள். "தாய் பிள்ளைக்குக் கொடி போடுவாளோ?"

அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை, சத்தியமாக. ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் பக்கத்துக் கோப்பிக்கடையில் நின்றேன். பக்கத்தில் இரண்டு பேர், சிவப்பு அணிக்கு உயிரை விடுகிற டாக்ஸிக்காரர் ஒருவர், பச்சை அணிக்கு உயிரை விடுகிற பத்திரிகைக்கடைக்காரர் ஒருவர். சீனிப் பைக்கற்றுகளை மேசையில் வரிசையாக அடுக்கி முதல்நாள் ஆட்டத்தைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடை பெடியன் தோளை இவ்வளவு தூக்கினவன்," என்று டாக்ஸிக்காரர் ஒரு பைக்கற்றை ஒரு நூலளவு நகர்த்தினார். "கொடி! உங்கடை கஜன் தலையை இப்பிடி, இப்பிடி ஆட்டுறான். கொடி இல்லை! இது என்ன நியாயம்?"

"அவன் ஆட்டேல்லை. மூச்சு விட்டவன்."

"காதாலையோ மூச்சு விடுறவன்?"

"மம்மா நேர்மையான ஆள்!"

"மம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் பிள்ளை!"

கோடு போட்ட சட்டை இல்லாததால் இருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. டாக்ஸிக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீர் சொல்லும் பாப்பம், இது சரியோ?" என்று கேட்டார். நான் கோப்பியை ஒரே மடக்கில் விழுங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, "எனக்கு ஃபுட்பால் தெரியாது" என்றேன். நடுவராக இருந்த காலத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. ஒரு கோணத்தில் பார்த்தால் உண்மையும்தான்.

அதே கிழமை சிவப்பு அணி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தது. இறுதி ஆட்டம் சிவப்புக்கும் பச்சைக்கும், அதில் மம்மா நிற்கக்கூடாது என்று. விளையாட்டான விஷயம் இல்லை இது. பலெர்மோவில் இந்தச் சட்டையை முதலில் போட்ட தமிழன் நான். தன் ஆளுக்குக் கண்ணை மூடினான் என்று என்னை அனுப்பிவிட்டால், எங்கள் ஆட்களில் வேறொருவருக்கு அந்தச் சட்டையை யார் கொடுப்பார்கள்? நான் ஒருவருக்கும் கண்ணை மூடவில்லை என்று நெஞ்சில் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தேன்.

சின்யோராவோ சிவப்பு அணிக்காரி. அவருடைய அக்காவின் மகன் அதில் விளையாடுகிறான். ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர், விட்டுக்கொடுக்கிற சாதி இல்லை. நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது ஆட்டத்தின் வீடியோ ஓடிய போனைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலேயே நீட்டினார்.

"இஞ்சை பாரும். எழுபத்திரண்டாம் இலக்கம், உம்முடைய கஜன். எறிகிறவன் இவனிட்டை என்னவோ சொல்லுறான். இப்ப தலையைப் பாரும். ஆடுதோ இல்லையோ?"

பார்த்தேன். பந்தை எறிகிற குவாட்டர்பேக் குனிந்து ஏதோ கேட்கிறான். கஜனின் தலை வலப்பக்கம், இடப்பக்கம், மெல்ல ஒரு சாய்வு.

"எங்கை ஆடுது, சின்யோரா?"

"உதோ! உதோ!" நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டார்.

"சின்யோரா, அவன் ஆட்டேல்லை. ஓம் எண்டு சொல்லுறான்."

கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. சின்யோரா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஓமோ?" என்றார்.

"ஓம்," என்று நான் தலையாட்டினேன்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "பத்து வருஷமா நான் எதைக் கேட்டாலும் நீர் இல்லை இல்லை எண்டு தலையாட்டிப்போட்டுப் பிறகு அதைச் செய்யிறீர். பிடிவாதக்காரன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்!" எனக்கும் சிரிப்புப் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துத் தலையாட்டித் தலையாட்டிச் சிரித்தோம். கத்தரிக்காய் கருகிவிட்டது.

கருகிய வாசம் வந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு ரசிகர்கள் சொன்னது சரி. வேறு யாருடைய தலை அப்படிப் போயிருந்தாலும் என் கை தானாகக் கொடிக்குப் போயிருக்கும். கஜனுடைய தலை அசைந்தபோது நான் அதை அசைவாகப் பார்க்கவில்லை, பேச்சாகக் கேட்டிருக்கிறேன். ஒரு பருவம் முழுக்க ஒரு ஆளின் பேச்சை என் கண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் முன்னால் சிரித்த வாயோடு எனக்கு வெட்கம் வந்தது.

அடுத்தநாள் காலை வெள்ளைத்தொப்பியின் பேக்கரிக்குப் போனேன். முறைப்பாட்டுக் கடிதம் மாவு படிந்து அங்கேயே கிடந்தது.

"அவன்ரை தலை அசைஞ்சதைக் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"கண்டனான்."

"பிறகு ஏன் போடேல்லை?"

"அது அசைவு எண்டு எனக்குப் படேல்லை. எங்கடை ஆக்களுக்கு அது ஓம் எண்டு சொல்லுறது."

அவர் என்னையும் ஒருதரம் ஆட்டிக் காட்டச் சொன்னார். ஆட்டினேன். தானும் ஆட்டிப் பார்த்தார், கழுத்துப் பிடித்துக்கொண்டது. தேய்த்தபடியே சொன்னார்: "காணேல்லை எண்டு நீர் சொல்லியிருந்தா உம்மை இண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பன். கண்ணிலை பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாரும். ஆனா ஆட்டம் துவங்க முன்னம் ரெண்டு பகுதிக்கும் உம்மடை வாயாலை சொல்லிப்போடும்." என் இடத்துக்காகத் தன் வெள்ளைத்தொப்பியைப் பணயம் வைக்கிறார் என்பதை இரண்டு பேரும் அறிந்தே இருந்தோம். ஒரு பாண் தந்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

இறுதி ஆட்டம். பங்குனி மாதத்து வெயில், பக்கத்துத் தோட்டங்களில் பிந்திப் பழுக்கிற மந்தரின் தோடம்பழம் ஆய்கிற காலம். ரசிகர்கள் மடி நிறையப் பழம் வைத்துக்கொண்டு, உரித்துத் தின்றுவிட்டுத் தோலை எங்கள் மேல் எறிவதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். பழத்தை எறிய ஒருவருக்கும் மனம் வராது. தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு அணித் தலைவர்களையும் பயிற்சியாளர்களையும் கூப்பிட்டோம். பச்சை அணியின் தலைவர்களில் கஜனும் ஒருவன்.

"இண்டைக்குத் தலை அசைஞ்சாலும் கொடி," என்றேன். "முந்தி நான் விட்டது பிழை."

"எந்த அசைவு?" என்று சிவப்புப் பயிற்சியாளர் கேட்டார்.

ஆட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை, தான் ஆட்டிப் பார்த்தார், தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி வந்தது. பச்சைப் பயிற்சியாளர் அப்படியில்லை இப்படி என்று திருத்தினார். ஒரு நிமிடத்துக்குள் அங்கே நின்ற அத்தனை தடியன்களும் தலைக்கவசத்தோடு தலையை வலமும் இடமும் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் நடுவில் நல்ல ஒரு கச்சேரியை ரசிக்கிற கூட்டம் போல இருந்தது. பார்வையாளர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே கைதட்டினார்கள்.

கஜன் மட்டும் ஆட்டவில்லை. திகைத்துப்போய் நின்றான். "நானோ? Ma quando? எப்ப? நான் ஒருநாளும் தலையாட்டுறேல்லை, மாமா!"

"ஆட்டுறனீ, மகன்."

"சரி மாமா, விளங்குது," என்றான். சொல்லும்போதே தலை வலமும் இடமும் போனது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் காட்டிய மனவுறுதியை நான் மறக்கமாட்டேன். தாடையை நெஞ்சோடு இறுக்கி, பல்லைக் கடித்து, ஆட்டம் முழுக்கக் கல்லாக இருந்தான். குவாட்டர்பேக் ஏதாவது கேட்டால் "Sì!" என்று வாயால் கத்தினான். ஓய்வுக்கு வெளியே வந்தால் மட்டும் வாங்கில் உட்கார்ந்து, அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஆசைதீரத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போனான். சிவப்பு ரசிகர்கள், "மம்மா, பிள்ளையைப் பார்!" என்று விடாமல் கத்தினார்கள். நான் அவனையும் பார்த்தேன், மற்றவர்களையும் பார்த்தேன். உள்ளுக்குள் மட்டும், ஆட்டாதையடா, ஆட்டாதையடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவருக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருக்கக்கூடாது. இருந்தது.

முடிய ஆறு விநாடி. பச்சை அணி நாலு புள்ளி பின்னால், எல்லைக்கோட்டுக்கு இரண்டே கெஜம். ஒரு தள்ளுத் தள்ளினால் ஆறு புள்ளி, கிண்ணம் அவர்களுடையது. வரிசை குந்தியது. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்போது குவாட்டர்பேக், பயத்தில் வரண்டுபோன குரலில், அவனைப் பார்த்து மெல்லக் கேட்டான். "கஜா, நீ இருக்கிறாய்தானே?"

கஜனின் தலை வலப்பக்கம், இடப்பக்கம், மெல்ல ஒரு சாய்வு.

அதைவிட அழகான ஓமை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. உயிர் இருக்கும்வரை இருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு ஓம். என் காது அதைக் கேட்டது. என் கை கொடியை எறிந்தது. விசிலும் ஊதினேன். பாதிப்பேருக்கு விசில் கேட்கவில்லை. பச்சைக்காரர் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் புல்லில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். வெள்ளைத்தொப்பி என்னிடம் வந்து, "ஆர்?" என்று மட்டும் கேட்டார். "எழுபத்திரண்டு," என்றேன். ஐந்து கெஜம் பின்னால் போனார்கள். ஏழு கெஜத்திலிருந்து எறிந்த பந்து ஒருவர் கையிலும் சேரவில்லை. சிவப்பு வென்றது.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். தோல் மழை இரண்டு பக்கத்தாலும் பெய்தது. "வருஷம் முழுக்க விட்டுப்போட்டு இண்டைக்கு மட்டும் போடுறியோ? ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்லத் தெரியாதோ?" என்று கம்பிவேலியைப் பிடித்து உலுக்கியவர் யார் என்று பார்த்தால் நம்முடைய பத்திரிகைக்கடைக்காரர். "மம்மா நேர்மையான ஆள்!" என்று அவரோடு மல்லுக்கு நின்றவர் டாக்ஸிக்காரர். சின்யோரா மடக்குக் கதிரையை இடுக்கிக்கொண்டு வந்தார், வென்ற அணிக்காரி, முகத்தில் சந்தோஷமே இல்லை. "சட்டப்படி சரி. ஆனா அந்தப் பெடியன் ஓம் எண்டுதானே சொன்னவன்! அதுக்கு ஏன் கொடி?" என்று என்னோடு சண்டை பிடித்தார். எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் மனம் பறந்தது. சரியானதைச் செய்துவிட்டேன், இனி இந்தச் சட்டையை எங்களிடமிருந்து யாரும் கழற்ற முடியாது என்று நினைத்தேன். எனக்கு நானே கைதட்டாத குறை.

கஜன் வாசலில் நின்றான். தலைக்கவசம் கையில், கண் சிவந்திருந்தது. நான் விதியின் இலக்கம், வாசகம் எல்லாவற்றையும் மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு கிட்டப் போனேன்.

"கொடி சரி, மாமா," என்று அவனே தொடங்கினான். "நான் ஆட்டினனான். எனக்கே தெரிஞ்சது."

"பிறகென்ன, மகன்?"

"ஒண்டு கேக்கட்டே? நீங்கள் முதல் மட்ச்சிலையே போட்டிருந்தா எனக்கு என்ன போயிருக்கும்? அஞ்சு கெஜம். என்ரை தலை ஆடுது எண்டு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு வருஷம் முழுக்கப் பழகியிருப்பன், மாமா. நீங்கள் எனக்குப் பத்து நிமிஷம்தானே தந்தனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. என் பையை வாங்கித் தன் காரில் வைத்து, லிபெர்த்தா வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

பிள்ளைகளே, வரிசையில் உங்களுக்குப் பிடித்தவன் ஒருவன் கட்டாயம் வருவான். அவன் அசைந்தால் முதல் நாளே எறிந்துவிடுங்கள்.